'சரி' என்றால் சரிதானா? நேரிலும் திரையிலும் வேலைக் கூட்டம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலைகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும். அந்த வீட்டில் பங்குள்ள பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கலிஃபோர்னியாவில். வரைபடம் போடுகிறவர் மதுரையில். மேஸ்திரியும் ஆசாரியும் மட்டும்தான் அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள். ஆக, வாரத்துக்கு நாலு கூட்டமாவது நடக்கும். பாதி வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) பாய் விரித்து, பாதி திரையில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்குத் தரை போட்டோம். ஆத்தங்குடிப் பட்டறையில் செய்த மாதிரிக் கல்லை போன் கேமரா முன்னால் பிடித்து, "இந்தப் பச்சை சரியா?" என்று கேட்டேன். திரையில் ஆறு முகம். நாலு பேர் "சரி" என்றார்கள். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். பெரிய ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. சரி, முடிந்தது என்று 600 சதுர அடிக்குச் சொல்லிவிட்டேன். எட்டங்குலக் கல்லில் அது 1350 கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, ஒவ்வொன்றாகக் கையால் செய்வது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுக்கவே நாள்கணக்காகும். எல்லாம் பதித்த பிறகு பொங்கலுக்கு வந்த ஆச்சி, முகப்பைத் தாண்டி வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நான் நெனச்ச பச்சை இது இல்லையேப்பா. அன்னைக்கு போன்ல நீலமாத்தான் தெரிஞ்சுச்சு. எல்லாரும் சரின்னு சொன்னாக, நானும் பேசாம இருந்துட்டேன்."

தப்பு ஆச்சியுடையது இல்லை, கேமராவுடையதும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவர் வாய் திறக்க நான் ஒரு வழியும் வைக்கவில்லை. கீழே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு அடிபட்டுக் கற்றுக்கொண்டவை. உங்கள் வேலை வீடு கட்டுவதாக இல்லாமல் கணக்கெழுதுவதாகவோ மென்பொருளாகவோ இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: எதை நேரில் பேசுவது, எதைத் திரையில் பேசுவது

எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கூட்டத்தில் அடைப்பதுதான் முதல் கோளாறு. நான் வைத்திருக்கும் கணக்கு இது. நிறம், வழவழப்பு, அளவு என்று கையும் கண்ணும் வேண்டியது எதுவானாலும் நேரில். மனத்தாங்கல் ஏதாவது இருந்தாலும் நேரில்தான். தேதி, தொகை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றுக்குத் திரை போதும். வெறும் தகவலுக்குக் கூட்டமே வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுங்கள்.

இது வெறும் ஊர்க்கணக்கு இல்லை. 2022-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் சோதித்ததோடு, இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பொறியாளர்களை இருவர் இருவராகப் பிரித்து, சிலரை நேரிலும் சிலரைக் காணொளியிலும் பேசவிட்டுப் பார்த்தார்கள். புது யோசனைகளை எடுத்துப் போடுவதில் காணொளி ஜோடிகள் பின்தங்கினார்கள். கிடைத்த யோசனைகளிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் சளைக்கவில்லை. திரையில் பேசும்போது கண் திரையிலேயே குத்திட்டு நிற்கிறது, அறையைச் சுற்றி அலைவதில்லை, அதனால் யோசனையும் குறுகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். எங்களுக்கு இது வசதியாகவே அமைந்தது. யோசனைகளை வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசிச் சேர்ப்போம். அதில் எதை எடுப்பது என்பதை ஞாயிற்றுக்கிழமைத் திரைக்கூட்டத்துக்கு விடுவோம்.

நிறத்துக்கு இப்போது கூரியர்தான். ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் மாதிரிக் கல் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சு. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 1350 கல்லைத் தோண்டி எடுக்கும் தைரியம் இனி எனக்கு இல்லை.

படி 2: அழைப்பிலேயே கேள்வியை எழுதிவிடுங்கள்

செட்டிநாட்டு நகரத்தார் ரங்கூனில் வட்டித் தொழில் நடத்திய காலத்தில், மாதம் ஒருமுறை அங்கிருந்த கோயிலில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். வருகிறவர்கள் எதற்கு வருகிறோம் என்று தெரிந்தே வந்தார்கள்: இந்த மாதம் வட்டி எவ்வளவு? நம் அழைப்புகளில் 'திட்டம் குறித்த கலந்துரையாடல்' என்று இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு யார் எதைத் தயார் செய்துகொண்டு வர முடியும்?

நான் அனுப்பும் அழைப்பு இப்படி இருக்கும்:

"ஞாயிறு காலை 8 மணி (சிங்கப்பூர் 10.30, கலிஃபோர்னியா சனி மாலை). 40 நிமிடம். முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டாம் கட்டின் கூரை ஓடுகளை மாற்றுவதா, பழைய ஓடுகளையே கழுவிப் போடுவதா. இரண்டுக்கும் ஆகும் செலவு கீழே. மேஸ்திரி அண்ணன் முதலில் ஐந்து நிமிடம் கூரையைக் காட்டுவார். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குக் குரல் பதிவு அனுப்புங்கள், கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறேன்."

நேரம் குறிப்பது தனிக்கலை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். கலிஃபோர்னியா கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும், மற்ற மாதங்களில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால். ஞாயிறு காலை 8 என்றால் யாருக்கும் நடுச்சாமம் இல்லை. ராகு காலமும் அன்றைக்குச் சாயங்காலம்தான், அந்தப் பேச்சும் எழாது. ஆனால் மேஸ்திரிக்கு அது விடுமுறை நாள். அவரை உட்கார வைத்தால் அரை நாள் கூலி கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சம்பளத்தோடு கூட்டத்தில் உட்காருகிறோம், அவர் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்? இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு அவர் பேச்சே மாறியது. வேலைக்கு வந்த ஆளாகப் பேசுகிறார், கூப்பிட்டதால் வந்து நிற்கிற ஆளாக இல்லை.

படி 3: முதலில் காது, பிறகு கண்

செட்டிநாட்டு வீடு பார்க்க அழகு, ஆன்லைன் கூட்டத்துக்கு எமன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி போல இருக்கும். தரை வழவழக் கல். கூரை உயரம். திரைச்சீலை கிடையாது. பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில், உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசினால் அது நாலு சுவரில் மோதித் திரும்பி வந்து மைக்கில் விழும். கேட்கிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுப்பார்கள், அப்புறம் கவனம் போய்விடும். படம் மங்கலாக இருந்தால் மனிதன் பொறுத்துக்கொள்வான். குரல் தெளிவில்லை என்றால் பேசுகிறவரே விவரம் இல்லாதவர் என்று மனம் முடிவு கட்டிவிடும்.

செய்ய வேண்டியது எளிது. பெரிய கூடத்தை விட்டுச் சின்ன அறைக்குப் போங்கள். மெத்தை, துணிமூட்டை, புத்தக அலமாரி இருக்கும் அறை நல்லது. வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும், மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரே அறையில் இரண்டு போன்கள் கூட்டத்தில் இருந்தால் ஒன்றின் ஒலியையும் மைக்கையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளைச் சத்தம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துத் தேதி வையுங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள்.

படி 4: சாப்பாட்டு விசாரிப்பைத் தவிர்க்காதீர்கள்

நேரில் கூடினால் காபி வரும், "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா" என்று ஒரு சுற்றுப் போகும். திரையில் மட்டும் "நேரா விஷயத்துக்கு வருவோம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். முதல் மூன்று நிமிடம் அந்த விசாரிப்புக்கே கொடுங்கள். அதில் எல்லோரும் ஒரு தடவையாவது வாய் திறந்துவிடுகிறார்கள். மைக் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மூன்று நிமிடம் பத்தாகப் போனால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் போகத்தான் செய்யும்.

படி 5: உம் கொட்டுகிறவர்களுக்கு ஒரு வழி

நாம் கதை கேட்டு வளர்ந்தது உம் கொட்டித்தான். பாட்டி கதை சொல்லும்போது 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். பெரியவர்கள் ஆன பிறகும் அதே பழக்கம்தான். ஒருவர் பேசப் பேச "ம்… ஆமா… அப்படியா" என்று போட்டுக்கொண்டே இருந்தால்தான் பேசுகிறவருக்குத் தெம்பு.

திரையில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. மைக்கை அடைத்துவிட்டால் 'ம்' போய்ச் சேராது, பேசுகிறவர் சுவரோடு பேசுகிற மாதிரி தவிப்பார். மைக்கைத் திறந்து வைத்து ஸ்பீக்கரில் கேட்டாலோ, எதிரொலியை அடக்கும் மென்பொருள் உங்கள் 'ம்'மைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் குரலை அமுக்கப் பார்க்கும். பாதிச் சொல் காணாமல் போகும்.

தாமதம் வேறு இருக்கிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஓர் ஆய்வு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகக் கால் நொடி அளவுதான் இடைவெளி என்று கண்டது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் கல்யாண வீட்டுத் திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், கால் நொடியே அதிகம் என்று தோன்றும். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிநொடிக்குள் ஆனால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. காரைக்குடியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு, மென்பொருள் சேர்க்கும் நேரத்தையும் கூட்டினால், அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். அவர் பதில் சொல்ல வாயெடுப்பார், நாம் அதற்குள் அடுத்ததைப் பேச ஆரம்பித்திருப்போம். இருவரும் நிறுத்துவோம். "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீங்க சொல்லுங்க." இணைப்பு தாமதித்ததை மறந்து, "இவரு இடையில இடையில விழுறாரு" என்று ஆள் மேல் பழி விழும்.

இதற்கு நான் செய்வது:

கேள்வியைப் பொதுவில் விடுவதில்லை. பெயரை முதலில் சொல்லி, பிறகு கேள்வி. "சிங்கப்பூர் அண்ணே, செலவைப் பத்தி உங்களைக் கேட்கிறேன்" என்றால் மற்ற ஐந்து பேரும் காத்திருப்பார்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுவேன். முதலில் அந்த மூன்று எண்ணுவது மூன்று நாளாகத் தெரியும், போகப் போகப் பழகிவிடும். கேட்கிறவர்களிடம், மைக்கை அடைத்துக்கொண்டு தலையை நன்றாக ஆட்டச் சொல்வேன், கோயில் மாடு ஆட்டுகிற மாதிரி. பேசுகிறவருக்கு அதுதான் 'ம்'.

இடையில் ஒன்று. பயிற்சி வகுப்புகளில் "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம்" என்று சொல்லித் தருவார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்து எடுத்தது. சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது பிடிக்கிறதா இல்லையா என்ற உணர்வை எதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. கூரை ஓட்டின் விலை பேசும் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. முகம் தெரியாத திரையில் சொல்லைத்தான் கூடுதலாகச் செதுக்க வேண்டியிருக்கிறது.

படி 6: 'சரி'யைப் பிரித்துப் பாருங்கள்

வழிகாட்டியில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

'சரி' என்றால் பல நேரம் 'கேட்டுக்கொண்டேன்' என்று மட்டும்தான் பொருள். 'சரி சரி' என்றால் போதும், நிறுத்து. 'சரிங்க' என்பது பெரியவர் சொல்லிவிட்டார், நான் என்ன சொல்ல. 'பார்க்கலாம்' என்பது முக்கால்வாசி 'வேண்டாம்'. 'உங்க இஷ்டம்' என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சண்டைக்கு வரவில்லை. மேஸ்திரி 'செஞ்சுரலாம்ணே' என்றால் செய்யலாம், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நேரில் இதெல்லாம் நமக்கு மொழிபெயர்க்கத் தெரியும். 'பார்க்கலாம்' என்று சொல்லும்போதே பார்வை தூணுக்குப் போய்விடும், துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போடுவார். திரையில் அந்தத் துண்டு தெரிவதில்லை. கேமரா கழுத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லா 'சரி'யும் ஒரே 'சரி'யாகக் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

ஆகவே 'சரியா?' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். பதிலுக்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். "இதுல உங்களுக்கு எது இடிக்குது?" என்று கேட்டால், ஏதோ ஒன்று இடிக்கும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிறது, சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை செய்கிறவர்களிடம், "நாளைக்குக் காலைல முதல்ல எதுல கை வைப்பீங்க?" என்று கேட்பேன். புரிந்தவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். புரியாதவர் "வேலையை ஆரம்பிச்சுரலாம்" என்பார். மூன்றாவது, "ஆறு மாசம் கழிச்சு இதுக்கு யாராவது வருத்தப்பட்டா அது எதுக்காக இருக்கும்?" பங்காளிகள் கூட்டத்தில் இதற்கு வரும் பதில்கள் அலாதி.

அடுத்தது வரிசை. குடும்பத்தில் மூத்தவர் முதலில் பேசிவிட்டால் அதோடு கதை முடிந்தது, இளையவர்கள் வாயில் பூட்டு. இளையவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் மூத்தவரைத் தள்ளி வைத்ததாகவும் ஆகக்கூடாது. நான் கண்டுபிடித்த வழி: "ஆச்சி, எல்லாரும் சொல்லட்டும், நீங்க கடைசியா முடிச்சு வைங்க." கடைசிச் சொல் என்பது நம் பக்கத்தில் மரியாதைதான். அவரும் நிதானமாக எல்லாவற்றையும் கேட்பார். 2010-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, பேச்சு ஒரு சிலரிடமே தேங்காமல் எல்லோருக்கும் பரவிய குழுக்கள் பலவகைப் புதிர்களையும் நன்றாகச் செய்தன என்று கண்டது. குழுவிலேயே பெரிய அறிவாளி யார் என்பதற்கு அவ்வளவு வலு இல்லை. பங்காளி வீட்டில் இதைச் சொல்லிப் பார்க்காதீர்கள், யார் அந்த அறிவாளி என்று தனிக் கூட்டம் போட வேண்டிவரும்.

படி 7: பாதி வீட்டில், பாதி திரையில்

இருப்பதிலேயே கஷ்டமானது இதுதான். ஒரு வீட்டில் பர்மா தேக்கு உத்திரம் ஒன்றைப் பற்றிப் பேச்சு. லேப்டாப் என்னைப் பார்த்து இருந்தது. மேஸ்திரி எனக்குப் பின்னால் நின்றார். சென்னையிலிருந்து ஒருவர், "உத்திரம் தாங்கும்ல?" என்றார். பின்னாலிருந்து "பாத்துக்கலாம்" என்று குரல். திரையில் எல்லோரும் அதை 'தாங்கும்' என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து கிணற்றடியில் கை கழுவும்போது மேஸ்திரி சொன்னார்: "உள்ள கரையான் தின்னுருக்குண்ணே. தட்டிப் பாத்தேன், சத்தமே வேற. அத்தனை பேர் இருக்கையில எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு சில ஏற்பாடுகள். லேப்டாப் என்னைப் பார்க்காது, வேலை செய்கிறவர்களைப் பார்க்கும். தொடங்கும்போதே ஆசாரி, மேஸ்திரி எல்லோரையும் பெயர் சொல்லி, என்ன வேலை பார்க்கிறார் என்றும் சொல்லி அறிமுகம் செய்வேன். வீட்டில் இருப்பவர்களில் ஒருவருக்குத் திரையைப் பார்ப்பது மட்டும்தான் வேலை: யார் கை தூக்குகிறார்கள், யார் எழுதிக் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பக்கப்பேச்சு ஓடினால் அதை உடனே திரைக்கும் சொல்லிவிட வேண்டும். இங்கே நாம் சிரித்து, அங்கே அவர்களுக்கு என்ன என்று தெரியாவிட்டால், தங்களைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள். "பட்டாலைக்கு வடக்குப் பக்கத் தூண், தரையிலேருந்து மூணாவது அடி." அப்படியே ஐந்து நொடி அசையாமல் பிடியுங்கள். நடந்துகொண்டே காட்டினால் பார்க்கிறவர்களுக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

படி 8: களைப்பு

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் காணொளிக் களைப்புக்கு நான்கு காரணங்களை எடுத்து வைத்தார்: முகங்கள் எந்நேரமும் நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. மருந்தும் அதிலேயே இருக்கிறது. உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதியைப் போடுங்கள். திரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அறிமுகம் முடிந்ததும், பேசாதவர்கள் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு நடுவே வந்து உட்காரும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. இல்லையென்றால் பின்னால் அடுப்படி தெரிகிறதா என்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும்.

படி 9: குறிப்பு அன்றைக்கே போக வேண்டும்

ஒரு மணி நேரத்துக்குள். யார், எதை, எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். முடிவாகாததையும் 'முடிவாகவில்லை' என்றே எழுதுங்கள். நீளமாக எழுதினால் மேஸ்திரி படிக்கமாட்டார், கலிஃபோர்னியாவும் படிக்காது. எழுத்துக் குறிப்போடு அதையே ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் போடுகிறேன். சாரத்தில் நின்றபடியே கேட்டுக்கொள்ளலாம்.

படி 10: பேசாதவரை அப்புறம் கூப்பிடுங்கள்

கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவர் யார் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் அவரை மட்டும் கூப்பிடுவேன். ஐந்து நிமிடம். மேஸ்திரி என்றால் டீக்கடை. அங்கே வருவது பல நேரம் கூட்டத்தில் வந்ததைவிடப் பெரிய செய்தி. அதை அவர் பெயரில் குழுவில் போடலாமா, என் பெயரில் போடவா என்று கேட்டுக்கொள்வேன். கேட்காமல் போட்டால் அடுத்த முறை டீக்கடையிலும் வாய் திறக்கமாட்டார்.

இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. போன மாதம் வேறொரு வீட்டுக்கு மாதிரிக் கல் கூரியரில் போனது. பேசாமல் இருந்த ஆச்சியைச் சாயங்காலம் கூப்பிட்டேன். "கல்லை ஊஞ்சல் மேல வச்சுப் பார்த்துட்டு இருக்கேன் தம்பி, ரெண்டு நாள் குடு" என்றார். கொடுத்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"காலைல பார்த்தா ஒரு பச்சை, விளக்கு வச்ச பெறகு பார்த்தா ஒரு பச்சை. இதுல எந்தப் பச்சைக்குப்பா நான் சரி சொல்றது?"